கருங்கரட்டார் இரும்பு எடுத்த கதை

கருங்கரடு என்ற ஊரில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அப்படியே புத்தம் புதிதாக இருந்தது.

ஊருக்குப் பின்னாலிருந்த கரட்டுக் குன்றில் இரும்புத் தாது உண்டு. என்ன, நூற்றுக்கு இருபது பங்குதான் இரும்பு, மிச்சமெல்லாம் வெறும் கல். ஆனாலும் ஆலை இன்ஜினீயர் ஒருவர் மனமிரங்கி வந்து, ஊர்ச் சங்கத் தலைவர் வையாபுரியிடம் பெரிய காந்தம் ஒன்றைக் கொடுத்தார்.

"கல்லை இடிச்சுப் பொடியாக்குங்க. காந்தத்துல ஒட்டுறதை அனுப்புங்க, ஒட்டாததைத் தூக்கி எறியுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அறுபது பங்கு தேறினா ஆலை இங்கே. இல்லைன்னா பக்கத்து ஊருக்குப் போயிடும்."

ஆலை வந்தால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை. பிழைப்புத் தேடித் திருப்பூர் போன தன் மகன்கள் இரண்டு பேரும் திரும்பி வருவார்கள் என்று சங்க உறுப்பினர் மாராக்காளுக்கு ஒரே ஏக்கம். சங்கத்தில் மூன்றாவது ஆள் பூச்சியப்பன். நான்காவது ஆள் கிடையாது.

மூவரும் கரட்டின் மேல் கூடி ஆலோசித்தார்கள்.

"ஏனுங்க தலைவரே, பொடியாக்கிட்டு அப்புறம் தேடுனா கண்ணுக்குத் தெரியுமுங்களா?" என்றாள் மாராக்காள். "மொதல்ல ஒட்டுறதைப் பொறுக்கிக்கலாம். பொடி அப்புறம் பண்ணிக்கலாம்."

"இதுக்குத்தான் சங்கத்துல விவரமான ஆள் வேணுங்கறது" என்றார் வையாபுரி.

கல்லில் காந்தத்தை வைத்தார்கள். ஏனோதானோவென்று ஒட்டி, உடனே விழுந்தது. பூச்சியப்பன் மேல் வைத்தார்கள். ஒட்டவே இல்லை. உத்தரவு உத்தரவுதானே, அவனைத் தூக்கிச் சரிவில் எறிந்தார்கள். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிக்கொண்டே அவனும் உருண்டான்.

அடுத்து, பக்கத்தில் கிடந்த கடப்பாரையில் வைத்தார்கள். மேலே ஏறி வந்த பூச்சியப்பனும் சேர்ந்து இழுத்தும் காந்தம் விடவில்லை.

"இது கரட்டுலதானே கெடந்துது?" என்றார் வையாபுரி.

"ஆமாங்க. நேத்து நான்தான் போட்டேன்" என்றான் பூச்சியப்பன்.

"அப்பக் கரட்டுச் சரக்கேதான்."

ஊரிலிருந்த கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி, அரிவாள்மணை எல்லாவற்றையும் கரட்டில் கொண்டுபோய்ப் போட்டு, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு மூன்று நாள் அரத்தால் ராவிப் பொடியாக்கினார்கள். கடைசியில் அரமும் காந்தத்தில் ஒட்டியதால் அதையும் மூட்டையில் போட்டுக் கட்டி இன்ஜினீயருக்கு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை இன்ஜினீயரின் போன் வந்தது.

"தொண்ணூத்தெட்டுப் பங்குங்க! என் அனுபவத்துல இப்படி ஒரு தாதுவைப் பார்த்ததே இல்லை. ஏதோ அவசரத்துல ஒரு அரத்தைக்கூட உள்ளே விட்டுட்டீங்க, பரவாயில்லை. நாளைக்கு மேலதிகாரிங்களோட வரேன். இந்தச் சரக்கு மொதமொதல்ல எங்கிருந்து வந்துச்சோ, அங்கேயே தோண்டிக் காட்டுங்க. ஆலை உங்களுக்குத்தான்!"

மாராக்காள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். மகன்களை வேலையை விட்டுவிட்டு உடனே பஸ் ஏறச் சொன்னாள்.

மறுநாள் அதிகாரிகள் வந்தபோது கரட்டில் ஈ காக்கை இல்லை. விசாரித்துக்கொண்டு டவுனுக்குப் போனால், அங்கே இரும்புக்கடைக்கு நடுவில் சங்கத்தார் மூவரும் கொட்டாங்குச்சியால் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து நேராக வந்திறங்கிய மகன்கள் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். தாயைக் கொண்ட பிள்ளைகள்.

"ஐயா, ஆளுக்கொரு கடப்பாரையாவது எடுத்துக்குங்க. சீக்கிரம் முடிச்சுட்டுப் போங்க" என்று கடைக்காரர் கெஞ்சினார்.

"தாதுல போய்க் கை வைக்கலாமுங்களா?" என்று அவரைக் கண்டித்த வையாபுரி, வாசலில் வாய் பிளந்து நின்ற அதிகாரிகளைப் பார்த்தார். சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரைகளைப் பெருமையாகக் காட்டினார்.

"பாருங்க சார், மேலாகவே இத்தனை கெடக்குதுன்னா, அடியில எத்தனை கெடக்கும்!"