பதில் வராதபோது

“பதில் வராவிட்டால் என்ன செய்யணும், மேடம்?”

கேட்டவர் டாக்டர் வைகுந்தன். அறுபது வயது. தைராய்டு என்று வாயெடுத்தால் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

படிக்க வந்தது பேராசிரியர் செந்திருவிடம். செந்திருவுக்கு நாற்பத்திரண்டு.

சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

“யார்கிட்டேயிருந்து பதில் வரல?”

“என் மகள்கிட்டேயிருந்து.”

செந்திரு கணினியை மூடி வைத்தார்.

இவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எத்தனையோ. உலகம் தேடிப் படிப்பது இரண்டை. ஒன்று ஹார்மோன் மருத்துவம். இன்னொன்று கணினி நெட்வொர்க். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். ஒரே ஆள்தான். அதுவும் நம்ம ஊர்க்காரர்.

முதல் கட்டுரை, மலைக் கிராமங்களில் கழுத்து வீங்கிப்போன பெண்களைப் பற்றியது.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கழுத்திலிருக்கும் தைராய்டுக்கு, வேலையைப் பார் என்று தூது விடுவது அதுதான். தைராய்டு சுரந்தால் அதுவே பதில். பிட்யூட்டரி அடங்கிவிடும். சுரக்காவிட்டால் இன்னும் உரக்கத் தூது விடும். சாப்பிடும் உப்பில் அயோடின் இல்லாத ஊரில் தைராய்டு எதைக் கொண்டு சுரக்கும்? பதில் சொல்ல முடியாமல் வீங்கும். எந்தக் கட்டத்துக்குள் அயோடின் கொடுத்தால் வீக்கம் தானாக வற்றும் என்று செந்திரு கண்டு சொன்னார். எத்தனையோ பெண்களின் கழுத்து கத்தி படாமல் தப்பியது.

இரண்டாவது கட்டுரை, அதே மலைக் கிராமங்களின் மருத்துவ நிலையங்களைப் பற்றியது.

எல்லா நிலையங்களும் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரே ஒரு நோஞ்சான் இணைப்பின் வழியாகத்தான் கீழே அனுப்பவேண்டும். அனுப்பியதற்குப் பதில் வராத கணினி என்ன செய்யவேண்டும்? அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு பொறுக்கவேண்டும். அப்போதும் வராவிட்டால் இரண்டு மடங்கு பொறுக்கவேண்டும். கணினிக்காரர்களுக்கு இது பழைய பாடம்தான். அந்த மலையில், அந்த இணைப்பில் அதை நடத்திக் காட்டியவர் செந்திரு. முடிவுகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. வைகுந்தன் இரண்டையும் வரி வரியாகப் படித்தவர்.

“உங்க முதல் கட்டுரையில பதில் வராட்டி சத்தம் கூடுது. ரெண்டாவதுல சத்தம் குறையுது. நான் எதைச் செய்யறது?” என்றார்.

“நீங்க இப்போ எதைச் செய்யறீங்க?”

வைகுந்தன் செல்போனை எடுத்து நீட்டினார்.

மகள் பெயர் குழலி. விசாகப்பட்டினத்தில் இருக்கிறாள். ஏழாம் மாதம். சின்ன வயதிலிருந்தே தைராய்டு குறைவு, தினமும் மாத்திரை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது எவ்வளவு முக்கியம் என்று வைகுந்தனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

செந்திரு விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். மாத்திரை போட்டியா. வெறும் வயிற்றிலா. ரிப்போர்ட் எங்கே. ஏன் பதில் இல்லை. மாத்திரை போட்டியா. நடுவில் வரிசையாக எடுக்காத அழைப்புகள். மகளிடமிருந்து ஒரு எழுத்துகூட இல்லை.

“அங்கே டாக்டர் பார்க்கறாங்க இல்ல?”

“பார்க்கறாங்க. எல்லாம் நார்மல்னு மாப்பிள்ளை சொல்றார்.”

“அப்புறம் என்ன?”

“அவ சொல்லலையே, மேடம்.”

மனைவி போனபிறகு வைகுந்தனுக்கென்று இருப்பது குழலி ஒருத்திதான். தலைப் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வருவாள் என்று முன்னறைக்கு வெள்ளையடித்துத் தொட்டில் கொக்கியும் மாட்டி வைத்திருக்கிறார். வருவாளா என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

“நாளைக்குச் சொல்றேன்” என்றார் செந்திரு.

மறுநாள் காலை வைகுந்தன் ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்ததும் செல்போன் முனகியது. பக்கத்து அறையிலிருந்து செந்திரு.

‘சார், பிரஷர் மாத்திரை போட்டீங்களா?’

வைகுந்தனுக்கு மனசு குளிர்ந்துபோனது. இதையெல்லாம் கேட்க இப்போது யார் இருக்கிறார்கள்? போட்டுவிட்டேன் மேடம், ரொம்ப நன்றி என்று பதில் அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. ‘நிஜமா போட்டீங்களா?’

‘போட்டேன், மேடம்.’

‘பிரஷர் எவ்வளவு? போட்டோ எடுத்து அனுப்புங்க.’

அனுப்பினார்.

‘உப்பு குறைக்கச் சொன்னாங்க இல்ல? நேத்து கேன்டீன்ல ஊறுகாய் தொட்டுக்கிட்டதைப் பார்த்தேன்.’

இதற்கு அவர் பதில் போடவில்லை.

‘ஏன் பதில் இல்லை?’

சாப்பாட்டு நேரத்துக்குள் அழைப்பும் வர ஆரம்பித்தது. ஒரு தடவை எடுத்தார். அடுத்த தடவை கவிழ்த்து வைத்தார். அதற்கும் அடுத்த தடவை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டார். உள்ளே கிடந்து அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் செந்திரு வாசலில் வந்து நின்றார்.

“ஏன் சார் ஃபோனை எடுக்கல?”

“என்ன மேடம் இது? நான் என்ன எல்.கே.ஜி. பையனா? முதல்ல அக்கறைன்னுதான் நினைச்சேன். போகப் போகக் குற்றவாளியை விசாரிக்கற மாதிரி...”

பாதியில் நிறுத்தி, இழுப்பறையைப் பார்த்தார்.

செந்திரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“நான் கெட்டவன் இல்ல, மேடம். எனக்கு பயம், அவ்வளவுதான்” என்றார் வைகுந்தன்.

“பிட்யூட்டரியும் கெட்டது இல்ல, சார். பாவம், அதுக்கு வேற வழி தெரியாது.”

வைகுந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு கேட்கலாமா? ஹார்மோன் எங்கே, நெட்வொர்க் எங்கே. அதிலிருந்து இதுக்கு எப்படிப் போனீங்க?”

“முதல் கட்டுரையை முடிச்சப்போ எனக்கு மனசே சரியில்ல. அந்தக் கழுத்தெல்லாம் கண்ணுக்குள்ளேயே நின்னுது. பதில் வராட்டி கத்தறதுதான் சுபாவம்னா, அப்புறம் வீங்கறதுதானே கதி? உலகத்துல எதுவாவது ஒண்ணு, பதில் வராதப்போ குரலைத் தாழ்த்திக்குமான்னு தேடிட்டுப் போனேன்.”

“கிடைச்சுதா?”

“மெஷின்கிட்ட இருந்தது. உட்கார்ந்து முதல்லேர்ந்து படிச்சேன்.”

வைகுந்தனுக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷமாக அதே கழுத்துகளைத்தான் அவரும் தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் இப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததில்லை. இந்தப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வயசு வித்தியாசம் பார்க்காமல் இருந்தால் காலில் விழுந்திருப்பார்.

“அப்போ அனுப்பறதை நிறுத்திடட்டுமா?”

“நிறுத்தறதைப் பத்தி நான் எங்கேயும் எழுதலையே.”

வைகுந்தன் யோசித்தார். இரண்டாவது கட்டுரை அவருக்கு மனப்பாடம். பொறுத்திருந்த கணினி மறுபடி அனுப்பும்போது சுமையை அனுப்பாது. ஒரு சின்னத் துண்டை மட்டும் அனுப்பிப் பார்க்கும்.

இழுப்பறையிலிருந்து செல்போனை எடுத்தார். ‘உடம்பு எப்படி’ என்று அடித்தார். அழித்தார். ‘டாக்டர் என்ன’ வரைக்கும் போனார். அதையும் அழித்தார். ஆஸ்பத்திரி வேலையோடு உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் எத்தனையோ மாணவர்களுக்குப் பாடமும் எடுத்தவருக்கு, பெற்ற மகளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை.

கடைசியில் ‘இங்கே மழை’ என்று அனுப்பினார்.

நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது. பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

அடுத்த நாளும் இல்லை. வைகுந்தனுக்குக் கை அரித்தது.

“இன்னொண்ணு அனுப்பட்டுமா?”

“எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?”

“ஒரு நாள் முழுசா.”

“சரி, ஒண்ணே ஒண்ணு. அப்புறம் எவ்வளவு பொறுக்கணும்?”

“இரண்டு மடங்கு” என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

‘கொல்லையில் முருங்கை பூத்திருக்கிறது’ என்று அனுப்பினார். அதற்கும் நீலக் கோடு மட்டும்தான்.

அந்த இரண்டு நாளை அவர் எப்படித் தள்ளினார் என்று அவருக்கே தெரியாது. முள்ளின் மேல் உட்கார்ந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கண் செல்போனில் இருந்தது. கத்தாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலையா என்று மலைத்துப்போனார். இரண்டு நாள் முடிந்த காலை, செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு செந்திருவின் அறைக்குப் போனார்.

“பொறுத்தாச்சு, மேடம். மூணாவது என்ன அனுப்பறதுன்னு...”

கையிலேயே மணி அடித்தது.

குழலி.

வைகுந்தன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எடுங்க சார்” என்றார் செந்திரு.

எடுத்தார். அவர் காதில் வைப்பதற்குள் மகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அப்பா? என்னப்பா ஆச்சு உங்களுக்கு? மழைங்கறீங்க, முருங்கைங்கறீங்க, அப்புறம் ஆளையே காணோம். ரெண்டு நாளா ஃபோனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவர்கிட்ட கேட்டா எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்கறார். உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. ஏன்ப்பா பேச மாட்டேங்கறீங்க?”

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

வைகுந்தன் வாயைத் திறந்தார். ரத்தப் பரிசோதனை, மாத்திரை அளவு, கால் வீக்கம், அவளை அழைத்துவர ரயிலில் முதல் வகுப்பில் இடம் போடுவது, அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. எதிரே பார்த்தார். செந்திரு எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டிருந்தார்.

வைகுந்தன் உட்கார்ந்தார்.

“சொல்லும்மா” என்றார்.