முக்காடு கட்டும் பாட்டு

இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இடையில் மாட்டிக்கொண்ட ஒரு வயலின்காரரின் கதை இது. தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நானே முதல் தடவை தப்பாகத்தான் சொன்னேன்.

ருமேனியாவின் தெற்குச் சமவெளியில் ஒரு ரோமா இசைக்குழு இருந்தது. தலைவர் லிசாந்த்ரு, வயலின். ஆள் உயர பாஸ் வயலினை நின்றபடியே மீட்டுகிறவர் கிரிகோரே. மூன்றாமவன் பாந்தெலே, சிம்பலம் வாசிப்பவன். நம் சந்தூரைப் போல, கம்பி கட்டிய பெட்டியைக் குச்சிகளால் தட்டி வாசிக்கும் வாத்தியம் அது. பாந்தெலே அதில் கொட்டி முழக்கும்போது வயலினில் ஒரு சுரம் வழுக்கினாலும் யார் காதிலும் விழாது.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம். விருந்து முடிந்ததும் மணப்பெண்ணின் தலையில் போட்ட வலைத்துணியை எடுத்துவிட்டு, இனி இவள் குடும்பக்காரி என்று முக்காட்டுத் துணி கட்டுவார்கள். கட்டி முடியும்வரை ஒரே பாட்டு. நடுவில் நின்றால் குடித்தனம் நிலைக்காது என்பது நம்பிக்கை. போன வருஷம் ஒரு வீட்டில் அந்தப் பாட்டின் நடுவே சிம்பலத்தின் கம்பி அறுந்துபோனது. பாந்தெலே சுவரோரம் உட்கார்ந்து கம்பியை மாற்ற, மற்ற இருவரும் பாட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். பெண் வீட்டார் அழுகிற மும்முரத்தில் இதையெல்லாம் எங்கே கவனித்தார்கள்!

இந்த முறை ஆங்கெல் என்பவரின் இளைய மகளுக்குக் கல்யாணம். மூத்தவள் கல்யாணத்தில் வேறு குழு வாசித்து, பாட்டு பாதியில் நின்றுபோய், அவள் இப்போது அப்பா வீட்டில் இருக்கிறாள். ஆங்கெல் லிசாந்த்ருவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவளுக்கு நிக்கக் கூடாது."

"நிக்காது" என்றார் லிசாந்த்ரு.

அதே காலையில் பாந்தெலேயும் அவரைத் தனியாகக் கூப்பிட்டான். "அம்மாவுக்கு மூச்சு வாங்குது அண்ணே. தங்கச்சி ஆள் அனுப்பினா உடனே சொல்லிடுங்க. எது நடுவுல இருந்தாலும் சரி."

"சொல்றேன்டா. இதை வேற சொல்லணுமா?"

அந்த வாரம் விறகு பிளக்கும்போது லிசாந்த்ருவின் இடதுகை மோதிர விரலில் வெட்டுப் பட்டிருந்தது. ஆறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆறவில்லை.

மத்தியானம் முக்காட்டுப் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆள் வந்துவிட்டான். பாந்தெலே கம்பிகளின் மேல் குனிந்திருந்தான். வந்தவன் தலைவர் காதில் சொன்னான்: "கெழவி அவனைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. வண்டி வாசல்ல நிக்குது."

லிசாந்த்ரு தலையை ஆட்டினார். வில் நிற்கவில்லை. இதோ முடிந்துவிடும் என்று நினைத்தார். அத்தைமார்களோ சாவகாசமாக வலைத்துணியின் ஊசிகளை உருவினார்கள். கட்டின முக்காடு கோணல் என்று ஒருத்தி அவிழ்த்தாள். இன்னொருத்தி மறுபடி கட்டினாள். எதிரே பாந்தெலே தன்னை மறந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் லிசாந்த்ரு கண்ணை மூடிக்கொண்டார். உருகி வாசிக்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது.

கடைசி முடிச்சு விழுந்த பிறகுதான் சொன்னார். பாந்தெலே ஓடினான். வண்டி வீடு சேர்ந்தபோது அம்மாவின் உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

"சொல்லியிருக்கலாம்" என்றார் கிரிகோரே. துக்கத்துக்கு வந்த ஆங்கெல், "எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தின மனுஷன்" என்றார். பாந்தெலேதான் பெரிய மனசுக்காரன். மறுநாள் காலையில் லிசாந்த்ருவின் கையைப் பிடித்து, "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே? ரெண்டு பக்கமும் வாக்கு" என்றான். நாலு அறை விட்டிருந்தால்கூட லிசாந்த்ருவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றே அடக்கம். அப்போது இறந்தவருக்குப் பிடித்த பாட்டைக் குழியருகே வாசிக்க வேண்டும். பெற்ற மகன் வாசிக்கக் கூடாது. ஆகவே வயலினும் பாஸும் மட்டும். லிசாந்த்ருவின் விரல் ஒரு இடத்தில் வழுக்கியது. பிறகு இன்னொரு இடத்தில். யாரும் முகம் சுளிக்கவில்லை. மண் அள்ளிக்கொண்டிருந்த பாந்தெலே மட்டும் நிமிர்ந்து அந்த விரலையே பார்த்தான். பாட்டு முடிந்து லிசாந்த்ரு நீட்டிய கையைத் தொடாமல் அவரைக் கடந்து போனான்.

காலையில் மன்னித்தவன் குழியருகே கையை ஏன் மறுத்தான்? அவன் செய்தது சரியா?

விடை: அவன் செய்தது சரிதான். பாட்டு நிற்கக் கூடாது என்றுதான் ஆங்கெல் கேட்டார். சிம்பலம் நிற்கக் கூடாது என்று கேட்கவில்லை. கம்பி அறுந்த அன்று சிம்பலம் இல்லாமலே பாட்டு ஓடியது. பாந்தெலேயை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தால் இரண்டு வாக்கும் நிறைவேறியிருக்கும். அவனை அனுப்பினால் தன் விரல் சபையில் மாட்டிக்கொள்ளும் என்றுதான் லிசாந்த்ரு வாயை மூடிக்கொண்டார். அந்தத் தடுமாறும் விரலைக் கேட்டதும் பாந்தெலேக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லிசாந்த்ருவுக்கோ, தான் ஏன் சொல்லவில்லை என்பது, சேதி காதில் விழுந்து வில் ஒரு தடவை மேலே போய்க் கீழே வருவதற்குள்ளாகவே, அந்தக் கல்யாண வீட்டிலேயே விளங்கியிருந்தது.