கசியும் கதவை அடைத்த துணுக்கன்

பவளப்பாறைகள் நிறைந்த ஒரு வெதுவெதுப்பான கடலில் பளிங்கி என்றொரு ஊசிக்கணவாய் வாழ்ந்து வந்தாள். அவளுக்குக் கண்ணாடி போன்ற உடம்பு. கோலிக்குண்டு போன்ற கண்கள். வேண்டும்போது நிறத்தை மாற்றிக்கொள்வாள்.

அவள் வயிற்றுக்குள் ஒரு சின்ன விளக்கறை இருந்தது. ஒளிவிடும் கிருமிகள் அங்கே கூட்டங்கூட்டமாகக் குடியிருந்தன. பளிங்கி அவற்றுக்குச் சாப்பாடு போட்டாள். அவை அவளுக்கு வெளிச்சம் தந்தன. அந்தக் கிருமிகளில் ஒருவன்தான் துணுக்கன்.

துணுக்கன் கெட்டிக்காரன். கெட்டவனும் இல்லை. ஆனால் அவனுக்கு மூக்கே இல்லாவிட்டாலும் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பான். எதைப் பார்த்தாலும், "இது சரியில்லையே! நான் சரிசெய்கிறேன்!" என்று கிளம்பிவிடுவான்.

ஒரு நாள் பாறை இடுக்கிலிருந்து கூர்வாயன் என்னும் சீலா மீன் பளிங்கியின் மேல் பாய்ந்தது. அதன் பற்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊசி. வாயைத் திறந்தது, மூடியது. வாய்க்குள் பளிங்கி கக்கிய கறுப்பு மை மட்டும்தான் இருந்தது! பளிங்கி எப்போதோ பின்பக்கமாகப் பாய்ந்து தப்பியிருந்தாள்.

விளக்கறையில் எல்லாரும் உருண்டு புரண்டு எழுந்தார்கள்.

"அக்கா! அவன் வாயைத் திறந்ததை எப்போது பார்த்தாய்?" என்று துணுக்கன் கத்தினான்.

"பாய்ந்த பிறகுதான் பார்த்தேன்போல் இருக்கிறது!" என்று பளிங்கி மூச்சு வாங்கினாள்.

"அப்படியென்றால் உன்னைப் பாயவைத்தது யார்?"

"எனக்கென்ன தெரியும் தம்பி! எனக்குள் வெள்ளையாக ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது. வேலை எல்லாம் அதனுடையதுதான். அதற்குமேல் எனக்குத் தெரியாது."

துணுக்கனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வீரனைப் பார்த்தே ஆக வேண்டும்! சதைகளின் சந்துகளில் நுழைந்து நெளிந்து ஒருவழியாக அந்த நரம்பின் அருகே போய்ச் சேர்ந்தான்.

இடி முழக்கம் கேட்கும், மின்னல் வெட்டும் என்று எதிர்பார்த்திருந்தான். அங்கே ஒன்றுமே இல்லை. படுத்துக்கிடந்த கோபுரம்போல நரம்பு அசையாமல் கிடந்தது.

"இதுவா வீரன்? இது தூங்குமூஞ்சி அல்லவா!" என்றான் துணுக்கன்.

நரம்பின் சுவர் வெங்காயச் சருகைவிட மெல்லியது. அதன்மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சுவருக்கு வெளியே தேர்த்திருவிழாக் கூட்டம்போலக் கடலுப்புத் துகள்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தன. உள்ளேயும் அதே நெரிசல்தான். ஆனால் அது வேறு இனம். அடுப்புச் சாம்பலில் ஓர் உப்பு இருக்கிறதே, அந்தச் சாம்பலுப்புத் துகள்கள். அவற்றின் நடுவே யானைபோலப் பருத்த பெரிய உருவங்கள் சில அமர்ந்திருந்தன.

சுவரெங்கும் கதவுகள். பெரும்பாலானவை இறுக மூடியிருந்தன. கடலுப்பு அவற்றைத் தட்டித் தட்டிச் சலித்தது. சில கதவுகள் மட்டும் திறந்தே கிடந்தன. அவற்றின் வழியே சாம்பலுப்புத் துகள்கள் ஒவ்வொன்றாக வெளியே நழுவின.

"திறந்த கதவில் நீங்கள் நுழையலாமே?" என்று துணுக்கன் ஒரு கடலுப்புத் துகளிடம் கேட்டான்.

"நுழைந்து பார்த்தேன். என்னை ஏற்கவில்லை!"

துணுக்கன் உற்றுப் பார்த்தான். கடலுப்புத் துகள் சாம்பலுப்பைவிடச் சின்னது. பெரியவன் போகும் வழியில் சின்னவனால் போக முடியவில்லை! அந்தக் கதவு, ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல, சாம்பலுப்புக்கென்றே செய்யப்பட்டிருந்தது. இவ்வளவு நுணுக்கமாக இதைச் செய்தது யார்? துணுக்கனுக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது ஒரு சாம்பலுப்புத் துகள் உற்சாகமாக வெளியே வந்தது.

"எங்கே ஓடுகிறாய்?" என்றான் துணுக்கன்.

"உள்ளே மூச்சு முட்டுகிறது! வெளியே எங்கள் ஆட்கள் குறைவு. கொஞ்சம் கைகால் நீட்டிவிட்டு வருகிறேன்!"

ஆனால் அது தூரம் போகவில்லை. வெளிச்சுவரை ஒட்டியே நின்று உள்ளே திரும்பிப் பார்த்தது.

"ஏன் நின்றுவிட்டாய்?"

"போக முடியவில்லையே! உள்ளே என் கூட்டாளி இருக்கிறாள். அவள் என்னை இழுக்கிறாள்."

"அவளையும் கூட்டிக்கொண்டு போ!"

"அவளா? இந்தக் கதவில் அவளுடைய விரல்கூட நுழையாதே!"

உள்ளே பருத்த உருவங்களில் ஒன்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. "அவன் போனதும் எனக்குள் ஒரு குறை விழுந்துவிட்டது," என்றது. "அந்தக் குறைதான் அவனை இழுக்கிறது."

ஒவ்வொரு துகள் வெளியேறும்போதும் உள்ளே ஒரு குறை விழுந்தது. குறை கூடக்கூட இழுப்பும் கூடியது. கடைசியில், வாசலுக்கு வந்த துகளை நெரிசல் வெளியே தள்ளியது; குறை உள்ளே இழுத்தது. தள்ளுவதும் இழுப்பதும் சரிக்குச் சரி! ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே திரும்பினார். சுவரின் வெளிப்பக்கம் முழுவதும் போனவர்களின் ஏக்கம் படிந்திருந்தது. உட்பக்கம் முழுவதும் இருந்தவர்களின் குறை படிந்திருந்தது. நடுவே அந்த மெல்லிய சுவர், நாணேற்றிய வில்போல விறைத்து நின்றது.

போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தான். உள்ளே இருந்த பெருங்கூட்டத்தில் அது ஒரு குடத்துக்குத் துளிகூட இல்லை. அத்துணூண்டு பிரிவுக்கா இத்தனை விறைப்பு!

"அடேயப்பா!" என்றான் துணுக்கன். "தூங்குகிறது என்றேனே! இது பாயத் தயாராக அல்லவா நிற்கிறது!"

சுவரில் ஓரிடத்தில் ஒருத்தி சுற்றிச் சுற்றி வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் பெயர் சுழலி. எப்படியோ கள்ளத்தனமாக உள்ளே கசிந்துவிட்ட கடலுப்புத் துகள்கள் மூன்றை வாரி வெளியே எறிந்தாள். வெளியே நின்ற சாம்பலுப்புத் துகள்கள் இரண்டை உள்ளே இழுத்துவிட்டாள். ஒரு வாய்ச் சோறு தின்றாள். மறுபடியும் சுழன்றாள். சுவர் நெடுக அவளைப் போலவே எண்ணற்ற சகோதரிகள் சுழன்றுகொண்டிருந்தார்கள்.

"எப்போதிலிருந்து இந்த வேலை?" என்று கேட்டான் துணுக்கன்.

"பளிங்கி முட்டைக்குள் உருவான நாளிலிருந்து!"

"உனக்கு ஓய்வே கிடையாதா?"

சுழலி சிரித்தாள். "இதுதானப்பா ஓய்வு! இந்த நரம்பு ஓய்ந்து கிடப்பதற்குத்தான் இவ்வளவு வேலையும்!"

துணுக்கனுக்கு அவள்மேல் இரக்கம் பிறந்தது. இரக்கம் பிறந்ததும் பழைய புத்தியும் கூடவே வந்துவிட்டது.

"நீ சாம்பலுப்பை உள்ளே இழுக்கிறாய். அது கதவு வழியே வெளியே போய்விடுகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறாயே! இது சரியில்லை. நான் சரிசெய்கிறேன்!"

"ஐயோ, வேண்டாம்!" என்று சுழலி பதறினாள். "அது ஓட்டை இல்லை!"

"ஒழுகினால் ஓட்டைதானே!" என்றான் துணுக்கன்.

கிருமிகளுக்குக் கோழை சுரக்கும். துணுக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரந்தான். கோழை சுவர் நெடுகப் பரவியது. கசிந்துகொண்டிருந்த கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சாம்பலுப்புத் துகள்கள் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. "பார்த்தாயா! ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை!" என்று துணுக்கன் பெருமையோடு மின்னினான்.

அவன் மின்னி முடிப்பதற்குள் சுவர் தளரத் தொடங்கியது.

கடலுப்பு வழக்கம்போல இடுக்குகளில் கள்ளத்தனமாகக் கசிந்தது. அதற்கு ஈடாக வெளியே போகச் சாம்பலுப்புக்கு இப்போது வழி இல்லை. உள்ளே இருந்த குறை நிரம்பிக்கொண்டே வந்தது. விறைப்பு குறைந்துகொண்டே போனது. இறுக மூடியிருந்த கதவுகளை மூடி வைத்திருந்ததே அந்த விறைப்புதான்! அது தளர்ந்ததும் அவை படாரென்று திறந்துகொண்டன. கடலுப்பு வெள்ளமாக உள்ளே பாய்ந்தது.

பளிங்கியின் உடம்பு வெட்டி இழுத்தது. யாரும் துரத்தாமலே பாய்ந்தாள். பாறையில் மோதினாள். மறுபடியும் பாய்ந்தாள். பிறகு கடலுப்பின் கதவுகள் பாதியில் இறுகிச் சிக்கி, ஒன்றையும் விடாமல் அடைத்துக்கொண்டன. எல்லாம் நின்றுவிட்டது.

"தம்பி!" என்று பளிங்கியின் குரல் சதையெங்கும் அதிர்ந்தது. "என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை! என்னால் பாய முடியவில்லை!"

அவள் மெல்ல மெல்ல மணல்மேல் போய் விழுந்தாள். பாறைக்குப் பின்னால் ஒரு வெள்ளி வால் திரும்பியது.

"என்ன பளிங்கி, இன்று ஆட்டத்தைக் காணோமே!" என்றான் கூர்வாயன்.

துணுக்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. பளிங்கி செத்தால் விளக்கறை ஏது? அவன் குலம் ஏது? தன் கோழையைத் தானே உறிஞ்சத் தொடங்கினான். அது கசந்தது. பிசுபிசுத்தது. சுரப்பது எளிதாக இருந்தது. உறிஞ்சுவது உயிர் போகிற வேலையாக இருந்தது.

"அக்கா! கொஞ்ச நேரம் அவனைப் பேசி நிறுத்திவை!" என்று அலறினான்.

பளிங்கிக்குப் பெரிய நரம்புதான் செத்துக் கிடந்தது. தோலின் நிறத்தை மாற்றும் சின்ன நரம்புகள் நன்றாகத்தான் இருந்தன. அவள் உடம்பெல்லாம் அழுகல்போலப் பச்சைப் புள்ளிகளை வரவழைத்தாள்.

"வா கூர்வாயா!" என்று முனகினாள். "விஷப்பாசியைத் தின்றுவிட்டுக் கிடக்கிறேன். என்னைத் தின்றுவிடு. போகிற வழிக்கு எனக்கும் ஒரு துணை வேண்டும்!"

கூர்வாயன் தயங்கினான். ஒரு சுற்றுச் சுற்றினான். "விஷமா? வாசனை வரவில்லையே!"

"வயிற்றுக்குள் போனதும் வரும்!"

இன்னொரு சுற்றுச் சுற்றினான். உள்ளே துணுக்கன் உறிஞ்சினான், உறிஞ்சினான். ஒரு கதவு விடுபட்டது. அப்புறம் அதன் பக்கத்துக் கதவு. வாசலில் தவித்துக்கொண்டிருந்த சாம்பலுப்புத் துகள்கள் வெளியே நழுவின. வெளியே நின்று திரும்பிப் பார்த்தன. உள்ளே குறை விழுந்தது. சுழலியும் அவள் சகோதரிகளும் வெறிபிடித்தாற்போலச் சுழன்று கடலுப்பை வாரி எறிந்தார்கள். தொய்ந்த சுவர் மெல்ல மெல்ல விறைத்தது. சிக்கிக்கொண்டிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, ஒழுங்காக மூடிக்கொண்டன.

நரம்பு மறுபடியும் அசையாமல் கிடந்தது. இந்த முறை துணுக்கன் அதைத் தூக்கம் என்று சொல்லவில்லை.

"விஷமா இல்லையா என்பதைக் கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது!" என்று சொல்லிக் கூர்வாயன் அம்புபோலப் பாய்ந்தான்.

துணுக்கன் தன் வாழ்நாளில் மறக்க முடியாத காட்சியைக் கண்டான்.

நரம்பின் தலைப்பக்கம், மூளையிலிருந்து ஒரு சின்னத் தொடுகை வந்தது. அங்கே விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. அங்கிருந்த கதவுகள் திறந்தன. கடலுப்பு உள்ளே குதித்தது. அதனால் அடுத்த இடம் தளர்ந்தது. அடுத்த கதவுகள் திறந்தன. அதற்கடுத்தவை! சரவெடியைக் கொளுத்தியதுபோல அலை தலையிலிருந்து வால்வரை பறந்தது. அலை கடந்த இடத்தில் கடலுப்பின் கதவுகள் அக்கணமே மூடிக்கொண்டன. சாம்பலுப்பு வெளியே நழுவியது. சுவர் மறுபடியும் விறைத்து, அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராக நின்றது. இத்தனையும் ஓர் இமைப்பொழுதுக்குள்!

பளிங்கியின் உடம்பு மொத்தமாகச் சுருங்கியது. நீர் பீறிட்டது. கூர்வாயனின் பற்கள் மணலைக் கடித்தன. கறுப்பு மை அவன் முகத்தை மூடியது.

வெகு தொலைவில், சூரிய ஒளி பச்சையாக இறங்கும் ஓரிடத்தில் பளிங்கி நின்றாள்.

"தம்பி, எனக்கு என்னப்பா ஆயிற்று?" என்று கேட்டாள்.

துணுக்கன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கோழையைப் பற்றியும் சொன்னான். பளிங்கி கோபத்தில் ஒரு கணம் சிவந்தாள். பிறகு அந்தச் சிவப்பு அடங்கியது.

"இப்போது அங்கே என்ன நடக்கிறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை, அக்கா. ஆனால் ஒருவர் வெளியே போகிறார், ஒருவர் உள்ளே திரும்புகிறார். சுழலி சுழல்கிறாள். அவள் நிறுத்தினால் நீ இல்லை. நானும் இல்லை."

தனக்குள் அப்படி ஒரு காவல் நிற்பது இத்தனை நாளும் பளிங்கிக்குத் தெரியாது. தன் கண்ணாடி உடம்பை முதல்முறையாகப் பார்ப்பவள்போலக் குனிந்து பார்த்தாள். மெல்ல, மிக மெல்ல, துடுப்பை அசைத்தாள்.

அசையாமல் இருப்பதையெல்லாம் சும்மா இருப்பதாக எண்ணிக் கைவைக்காதே. ஒவ்வோர் அமைதிக்கு அடியிலும் ஓயாத உழைப்பு ஒன்று காத்து நிற்கிறது.