ஆட்டுக்கு எழுதிய போஸ்டர்

'அந்திச்சேவல்' என்ற சாயங்காலப் பேப்பருக்கு, பெட்டிக்கடைகளில் தொங்கும் போஸ்டரைத் தயார் செய்வது பிலோமினாவின் வேலை. வாசகத்தை ஆசிரியர் பரமானந்தம்தான் சொல்வார்.

நேற்று ஒரு நடிகரின் கார் ஏறி ஓர் ஆடு செத்தது. "நடிகரின் கார் வெறியாட்டம்! துடிதுடித்துச் செத்தது ஆடு!" என்றார் அவர். பேப்பர் சுடச்சுட விற்றுத் தீர்ந்தது.

இன்று ஓர் அமைச்சரின் கார் ஏறி, சாலையோர இளநீர்க்காரர் செத்துப்போனார். பரமானந்தம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாலையில் இளநீர் சிதறல், போக்குவரத்து பாதிப்பு" என்றார்.

பிலோமினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், ஆளே செத்துட்டாரு!"

"அதெல்லாம் உள்பக்கத்துல வரும்."

"இதைப் பாத்து எவன் சார் பேப்பர் வாங்குவான்?"

"நேத்து மாதிரியே வித்தாகணும். இல்லேன்னா நாளையிலிருந்து நீ வராதே. ஆனா உன் சொந்தச் சரக்கு எதுவும் அதுல இருக்கக் கூடாது. எல்லாம் என் வார்த்தையாத்தான் இருக்கணும்."

"சரி சார்."

சாயங்காலம் ஊரே பெட்டிக்கடைகள் முன்னால் முண்டியடித்தது. "அமைச்சரின் கார் வெறியாட்டம்! துடிதுடித்துச் செத்தார் இளநீர்க்காரர்!" ஒரு பேப்பர் மிச்சமில்லை.

கிழித்த போஸ்டரும் கையுமாக ஓடிவந்தார் பரமானந்தம். "அடிப்பாவி! இது அவதூறு! கேஸ் போட்டுருவாங்க!"

"எல்லாம் உங்க வார்த்தைதான் சார். நடிகரையும் ஆட்டையும் மட்டும்தான் மாத்தினேன். ஆட்டுக்குப் போட்டப்போ செய்தியா இருந்தது, மனுஷனுக்குப் போட்டா எப்படி சார் அவதூறாச்சு?"