உள்ளானுக்குப் பரிந்து பேசிய புலவன்

முன்னொரு காலத்தில் மணற்குடி நாட்டைப் பெருஞ்சாத்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அவருக்குக் காரிநம்பி என்று ஒரு கெட்டிக்கார மந்திரி. அந்த மந்திரியைக் கண்டாலே வயிறெரிகிற புலவன் ஒருவனும் அவையில் இருந்தான். அவன் வேறு யாருமில்லை, அடியேன் சேந்தன்தான்.

ஒருநாள் ராஜா பவனி போகையில், ஆற்றங்கரை ஆலமரத்தில் தொங்கிய பழந்தின்னி வௌவால் ஒன்று அவருடைய புதுப் பட்டுத் தலைப்பாகையில் எச்சமிட்டுவிட்டது.

"வெட்டுங்கள் அந்த மரத்தை!" என்று கத்தினார் ராஜா.

"பொறுங்கள் மகாராஜா, வௌவால் நல்ல பிராணி" என்றார் மந்திரி.

"எனக்குப் பிடித்த நம் கடற்கரைப் பறவை உள்ளானைவிடவா? நாளை அவையில் நிரூபியும். இல்லாவிட்டால் மரமும் போகும், உம் பதவியும் போகும்!"

எனக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை. மறுநாள் அவையில் பேச முந்திக்கொண்டு எழுந்தேன்.

"மகாராஜா! உள்ளான் அடிக்கொரு தரம் தலை தாழ்த்தும். என்ன பணிவு! வௌவாலோ தாங்கள் வரும்போதுகூட எழுந்து நிற்பதில்லை!"

அவை ஆரவாரித்தது. ராஜா கழுத்து மாலையைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார்.

மந்திரி நிதானமாகக் கேட்டார்: "புலவரே, குனிகிற உள்ளானின் அலகு எங்கே இருக்கும்?"

"சேற்றில்."

"நிமிரும்போது அலகில்?"

யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன்: "புழு."

"அது அதன் பிழைப்பு, குற்றமில்லை. நீர் இன்று காலையிலிருந்து எத்தனை தரம் குனிந்தீர்?"

அவை சிரிப்பில் குலுங்கியது. என் கண் அப்போதும் மாலையின் மேலேயே இருந்தது. அதையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மந்திரி ஒரு கூடைக் கொட்டையை ராஜா முன் கொட்டினார். "இலுப்பைக் கொட்டை, மகாராஜா. வௌவால்கள் காடெல்லாம் சுற்றிப் பழம் கொண்டுவந்து தின்றுவிட்டு, கொட்டையை அந்த ஆலமரத்தடியில் போடுகின்றன. ஊர்ப் பெண்கள் அதைப் பொறுக்கி ஆட்டுகிற எண்ணெயில்தான் இந்த அவையில் விளக்கெரிகிறது."

ராஜா மெல்லத் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு முழத் துணிக்காக ஊரையே இருட்டாக்க இருந்தேனே!" என்று சிரித்தார். மரம் பிழைத்தது. மாலை மந்திரி கழுத்தில் விழுந்தது.

"புலவர் இந்தப் பருவம் முழுக்க மரத்தடியில் கொட்டை பொறுக்கட்டும்!" என்று உத்தரவிட்டார் ராஜா.

பொறுக்கினேன். "ஐயா, அது கொட்டையில்லை, ஆட்டுப் புழுக்கை" என்று பெண்கள் தினமும் திருத்தினார்கள்.

என் பாட்டால் யாருக்கும் வெளிச்சம் கிடைத்ததில்லை. நான் பொறுக்கிய கொட்டையால் அந்த வருஷம் கோயிலில் நாற்பது விளக்கு எரிந்தது.