மாடு திரும்பாத வீடு

ரொம்ப காலத்துக்கு முன்னால், கொன்றை நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அரண்மனை எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வாடகை வீட்டில் சட்டை மாட்டும்போதே சுவரில் முழங்கையை இடித்துக்கொள்கிற ஆசாமி நான். அந்த வர்ணனையெல்லாம் எனக்கு வராது.

ஒருநாள் ராஜாவின் மூக்கில் கூரையிலிருந்து ஒரே ஒரு சொட்டு மழை விழுந்தது. மனுஷன் துடித்துப்போய்விட்டார்.

"ஒரு சொட்டுக்கே எனக்கு இந்தப் பாடு! சந்தைக் கொட்டகையில் வீடில்லாமல் கிடக்கிற சனங்கள் என்ன செய்யும்? குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டுங்கள்!"

அமைச்சர் நன்னப்பரைக் கண்டாலே வயிறு எரியும், இன்னோர் அமைச்சரான தாண்டவராயருக்கு. குதித்து எழுந்தார். "நன்னப்பரிடம் கொடுத்தால் இழுத்தடிப்பார் மகாராஜா. நான் முடிக்கிறேன்!"

வேலை தொடங்கியது. அதற்குள் ராஜாவுக்குப் புது யானைக் கொட்டாரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. "கல் பத்தாதே தாண்டவராயரே?"

"வீட்டைச் சுருக்கிவிடுகிறேன் மகாராஜா. ஏழைகளுக்கு அது போதும்."

சபை மொத்தமும் தலையாட்டியது. நன்னப்பரும் ஆட்டினார்.

வீடுகள் எழுந்தன. மறுநாள் கொட்டகை இடிக்கப்படும், வீடு வேண்டாம் என்பவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று தண்டோரா போட்டார்கள். கூடை முடைகிற ஒச்சாயி, பிள்ளைகள், மாமியாரோடு மொத்தம் ஆறு பேராகப் போய்த் தன் வீட்டைப் பார்த்தாள். நேரே நன்னப்பரிடம் ஓடி வந்து அழுதாள்.

"சாமி, நாலு பேர் படுத்தா ரெண்டு பேர் நிக்கணும். வேண்டாம்னா நடுத்தெருதான். மழையில இதுகளை எங்க கூட்டிட்டுப் போவேன்?"

நன்னப்பருக்குச் சுருக்கென்றது. உடனே ராஜாவிடம் போனார். "மகாராஜா, முதல் வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டாமா? பசுவைத் தாங்களே அழைத்துப் போனால் நாடே கொண்டாடுமே!"

விழா என்றால் ராஜாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அரண்மனைப் புல்லைத் தின்று தின்று கொழுத்த பசு கொம்பழகியின் கயிற்றைப் பிடித்தபடி ஒச்சாயி வீட்டுக்குள் கூடவே நுழைந்தார்.

நுழைந்ததோடு சரி. பசுவால் திரும்பவும் முடியவில்லை, பின்னால் வரவும் தெரியவில்லை. ராஜா சுவருக்கும் பசுவின் வயிற்றுக்கும் நடுவே சப்பிப்போனார். வாசலை அடைத்தபடி வால் மட்டும் வெளியே ஆடியது.

"ஐயோ, மூச்சு முட்டுதே! யாரய்யா இந்த வீட்டைக் கட்டினது?"

நன்னப்பர் வெளியிலிருந்து பணிவாகக் கேட்டார். "தாண்டவராயரே, இது எத்தனை பேருக்கான வீடு?"

"ஆ... ஆறு பேருக்கு."

"உள்ளே இரண்டு பேர்தானே? நாலு பேருக்கு இடமிருக்கிறது. நீங்களும் போங்கள்!"

"வந்தால் தலையை வாங்கிடுவேன்!" என்று உள்ளேயிருந்து ராஜா அலறினார். "பின்சுவரை இடிங்கடா!"

இடித்தார்கள். அந்தப் பக்கம் அடுத்த வீடு. கொம்பழகி இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரு நடை நடந்து, அடுத்த வாசல் வழியாக வெளியே வந்தாள். பின்னாலேயே சாணி மணக்க ராஜா.

ஒச்சாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இது போதும் சாமி. இதுல ஆறு பேரும் காலை நீட்டலாம்."

ராஜா தன் வேட்டியைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "கல்லைத் திருடினவனே நான்தான். இரண்டிரண்டு வீடாகச் சேருங்கள். மிச்சப் பேருக்கு வீடு எழும்பும்வரை யானைக் கொட்டாரத்தில் இடம் கொடுங்கள். அதுவரை ஒரு வீட்டை மட்டும் சேர்க்காமல் அப்படியே விடுங்கள், அது தாண்டவராயருக்கு. ஆமாம் நன்னப்பரே, நீர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"சாப்பாடு பலம் மகாராஜா. தூக்கத்தில் ஆட்டிய தலை."

"சபை முழுக்க விளங்காததை இந்த மாடு விளக்கிவிட்டது. இதற்குச் சபையில் ஓர் ஆசனம் போடுங்கள்!"

"வேண்டாம் மகாராஜா," என்று நன்னப்பர் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களோடு உட்கார்ந்தால் அதுவும் தலையாட்டக் கற்றுக்கொள்ளும்."