கை தூக்காத பிள்ளை

இது நான் நேரில் பார்த்தது அல்ல. பி.எட். படித்தபோது உடன் படித்த ஒருவர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான்.

தென்காசிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி. அங்கே மூத்த ஆசிரியர் சங்கரபாண்டியன். ஒரு நாள் மாலை, தன்னைவிட வயதில் இளையவரான தலைமையாசிரியை ரெபேக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஏழாம் வகுப்பு இசக்கிதேவிய நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிரலாமா?"

மறுநாள் அதிகாரி வருகிறார். நீதிபோதனை வகுப்பு எந்தப் பள்ளியில் நன்றாக நடக்கிறதோ அந்தப் பள்ளிக்குக் கேடயம். அதற்காக ஏழாம் வகுப்பைச் சங்கரபாண்டியன் ஒரு வாரமாகத் தயார்செய்துகொண்டிருந்தார்.

வழியில் பேனா கிடந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்பார். எல்லாரும் கை தூக்க வேண்டும். ஆனால் உடனே தூக்கிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அப்புறம்தான் தூக்க வேண்டும்.

இசக்கிதேவி மட்டும் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, யோசிக்காமலே யோசிக்கிற மாதிரி இருந்தால் அது பொய்தானே சார் என்று திருப்பிக் கேட்டாளாம்.

"அவ வாயத் தொறந்தா பள்ளிக்கூடத்து மானம் போயிரும் மேடம்."

"நாளைக்கு என்ன பாடம் சார்?"

"வாய்மை."



மறுநாள் காலை ரெபேக்காவே இசக்கிதேவியைக் கைப்பிடித்து அழைத்துவந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்.

அதிகாரி வந்தார். சங்கரபாண்டியன் கேள்வியைக் கேட்டார்.

வகுப்பு யோசித்தது. கைகள் உயர்ந்தன.

அதிகாரிக்குச் சந்தோஷம். அவர் கண் முதல் பெஞ்சில் வந்து நின்றது.

"ஏம்மா, உனக்கு மட்டும் பதில் தெரியாதா?"

இசக்கிதேவி எழுந்தாள். சாரைப் பார்த்தாள். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அவள் தலை குனிந்துகொண்டாள். உதடு அசைந்தது.

தெரியாது என்று சொல்லப்போகிறாள். சாருக்காகச் சொல்லப்போகிறாள். சங்கரபாண்டியனுக்கு அது புரிந்துவிட்டது.

"அவளுக்குத் தெரியும் ஐயா," என்றார். "எல்லாருக்கும் நான் முன்னாலயே சொல்லிக் குடுத்துட்டேன்."

தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

இதில் நான் பிறகு விசாரித்து உறுதிசெய்ய முடிந்தது ஒன்றுதான். அந்த ஆண்டுக் கேடயம் வேறொரு பள்ளிக்குப் போனது.